பிசிடி காற்றுப் பட்டன் சிக்குகிறது: கொடைக்கானலில் இருந்து ஓர் உதவிக் கோரிக்கை

என் பிசிடியில் (தண்ணீருக்கடியில் மிதப்பைக் கூட்டிக் குறைக்க அணியும் ஸ்கூபா ஜாக்கெட்) காற்று ஏற்றும் பட்டனை அழுத்தினால் உடனே திரும்பி வருவதில்லை. 2016-ல் வாங்கியது, மீடியம் சைஸ்.

மூன்று வாரம் முன்பு இலங்கையில், கல்குடா பக்கம் ‘பிரிட்டிஷ் சார்ஜண்ட்’ கப்பலைப் பார்க்க இறங்கினோம். 1942 ஏப்ரலில் ஜப்பானிய விமானங்கள் மூழ்கடித்த எண்ணெய்க் கப்பல். சுமார் 24 மீட்டர் ஆழம், தண்ணீர் வெதுவெதுப்பு. அங்கேதான் விரலை எடுத்த பிறகும் இரண்டு மூன்று நொடி காற்று ஏறிக்கொண்டே இருந்தது. நல்லவேளை, சிலிண்டரில் இருந்து ஜாக்கெட்டுக்குக் காற்று வரும் ஹோஸைக் கழற்றிவிட்டு, அப்புறம் வாயால் ஊதியே சமாளித்தேன்.

வீட்டுக்கு வந்ததும் (டைவ் முடித்த கையோடு 2,100 மீட்டர் மலையேறக் கூடாது என்று மதுரையில் ஒரு நாள் தங்கிவிட்டுத்தான் வந்தேன்) பட்டன் பகுதியை இளஞ்சூட்டுத் தண்ணீரில் இரவு முழுக்க ஊறவைத்தேன். மறுநாள் வினிகரும் தண்ணீரும் பாதிக்குப் பாதி, இருபது நிமிடம். படிந்திருந்த பச்சைப் பூப்பு கொஞ்சம் போயிற்று, சிக்கல் போகவில்லை. இங்கே சிலிண்டர் கிடைக்காததால் காற்று கொடுத்துச் சோதிக்கவும் வழியில்லை. பட்டனுக்கு உள்ளே இருப்பது டயர் வால்வு மாதிரிதான், கழற்றித் தருகிறேன் என்கிறார் இங்கே மூஞ்சிக்கல் பகுதியில் உள்ள பஞ்சர் கடை அண்ணன். எனக்குத்தான் தைரியம் வரவில்லை.

மாதக் கடைசியில் மறுபடி டைவ் இருக்கிறது. மதுரை, கோவை, சென்னை, புதுச்சேரி, எங்கே கொடுத்தால் இந்த வால்வை மாற்றி, காற்றழுத்தத்தில் சோதித்தும் தருவார்கள்?