சாதனம் போய்விட்டது, செஷன் போகவில்லை: ஐபி தீர்ந்துவிடுகிறது

இரவுஷிப்ட்:
ஆய்வகத்தில் சின்ன 5ஜி கோர் (மொபைல் நெட்வொர்க்கின் மையப் பகுதி) ஒன்று ஓடுகிறது. ஸ்கிரிப்ட் 5 நிமிடத்துக்கு ஒருமுறை 20 போலிச் சாதனங்களை ஏற்றி, பழைய 20ஐக் கொன்றுவிடும். ஒவ்வொரு சுற்றுக்கும் புதிய சந்தாதாரர் எண்கள். ஒரு மணி நேரத்தில் எஸ்எம்எஃப் (செஷன் எனும் டேட்டா இணைப்புகளையும் அவற்றின் ஐபி முகவரிகளையும் கவனிக்கும் பகுதி) காரணம் 26 (வளம் போதவில்லை) என்று புதிய செஷன்களை மறுக்கிறது. ஐபி தொகுப்பு /24. எஸ்எம்எஃப்பை மட்டும் ரீஸ்டார்ட் செய்தால் சரியாகிறது, அப்புறம் மறுபடி அதே கதை.

பாக்கெட்பாண்டி:
கணக்கு போட்டுப் பாருங்கள். மணிக்கு 240 செஷன், /24இல் முகவரி 254. சாதனத்தைக் கொன்றால் அது விடைபெறும் செய்தியை அனுப்பாது. ஏஎம்எஃப் (சாதனங்களின் பதிவைக் கவனிக்கும் பகுதி) அதை மறக்க நேரமாகும்: டி3512 (சாதனம் மறுபடி பதிவு செய்ய வேண்டிய இடைவெளி) இயல்பாக 54 நிமிடம், சாதனத்துக்காக ஏஎம்எஃப் காத்திருக்கும் 'மொபைல் ரீச்சபிள்' டைமர் அதைவிட 4 நிமிடம் அதிகம், அது முடிந்த பின்தான் தானாகப் பதிவு நீக்கும் டைமரே தொடங்கும். தொகுப்பை இன்னும் பெரிய /16 ஆக்குங்கள், தீர்ந்தது.

இரவுஷிப்ட்:
அப்படித்தான் நானும் நினைத்தேன். நேற்று ஸ்கிரிப்டை நிறுத்திவிட்டு இரவு முழுக்க விட்டேன். காலையில் ஒரு செஷன்கூடக் குறையவில்லை.

கோர்க்காரர்:
அப்படியானால் டைமர் தொடங்கவே இல்லை. ஏஎம்எஃப்பில் அந்தச் சாதனங்கள் 'கனெக்டட்' (தொடர்பில்) என்று இருக்கின்றனவா, 'ஐடில்' (ஓய்வில்) என்றா? ஐடில் ஆனால்தான் மொபைல் ரீச்சபிள் ஓடும். ஐடில் ஆக்க வேண்டியது ஜிஎன்பி (5ஜி அடிப்படை நிலையம்). அதன் செயலின்மை டைமரைப் பாருங்கள்.

ஐடில் ஆனதும் ஐபி திரும்பிவிடும் என்று எண்ணாதீர்கள். யுபிஎஃப்பிலிருந்து (டேட்டாவைக் கடத்தும் பகுதி) ஜிஎன்பிக்குப் போகும் டன்னல்தான் விடுபடும். செஷனும் முகவரியும் எஸ்எம்எஃப்பிடமே இருக்கும். ஏஎம்எஃப் பதிவை நீக்கி, செஷனை விடு என்று எஸ்எம்எஃப்பிடம் சொன்ன பிறகே முகவரி தொகுப்புக்கு வரும்.

இன்னொன்று, அந்த எஸ்எம்எஃப் ரீஸ்டார்ட் பழக்கத்தை விடுங்கள். எஸ்எம்எஃப் மறந்த செஷன்களை ஏஎம்எஃப் இன்னும் நம்பிக்கொண்டிருக்கும். பேய் செஷன் பிறப்பது இப்படித்தான்.

இரவுஷிப்ட்:
எல்லாமே கனெக்டட்! ஜிஎன்பியில் செயலின்மை டைமர் 0, அதாவது அணைத்து வைத்திருக்கிறேன். யார் வைத்தது என்று கேட்காதீர்கள், நான்தான்.

10 விநாடி வைத்தேன். டி3512ஐ 6 நிமிடம், பதிவு நீக்கும் டைமரை 4 நிமிடம் ஆக்கினேன். ஆக, செத்த சாதனம் சுமார் 14 நிமிடத்தில் (6+4+4) போகிறது. மூன்று மணி நேரமாக 80 செஷனைத் தாண்டவில்லை, தொகுப்பு இன்னும் /24தான்.

பாக்கெட்பாண்டி:
சரி, என் /16 நோயை மூடி மறைத்திருக்கும், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் 6 நிமிட டி3512ஐ நிஜ நெட்வொர்க்குக்குக் கொண்டுபோய்விடாதீர்கள். ஒவ்வொரு சாதனமும் 6 நிமிடத்துக்கு ஒருமுறை எழுந்து பதிவு செய்தால் சிக்னலிங் சுமை ஏறும், பேட்டரியும் காலி.

கோர்க்காரர்:
கொல்வதற்கு முன் ஸ்கிரிப்ட்டே பதிவு நீக்கக் கோரிக்கை அனுப்பட்டும். திடீர் மரணத்தைச் சோதிக்க ஒரு சுற்றில் இரண்டைக் கொன்றால் போதும்.