கொடி சுத்திக்குமோ என்று விழித்துக் கிடந்த ராத்திரிகள்

மாடிவீட்டு மருமகள், தண்டையார்பேட்டை:

நான் கர்ப்பமாக இருந்தபோது ஏழாம் மாதம் தொடங்கியது சரியாகக் கத்திரி வெயிலில். மொட்டை மாடிக்குக் கீழே ஒரே அறை. பகலெல்லாம் வாங்கிய வெயிலைத் தளம் ராத்திரி பதினோரு மணிக்குத்தான் இறக்கி வைக்கும். வெளியே துறைமுகத்துக்குப் போகும் கன்டெய்னர் லாரிகள். அந்தச் சத்தம் எனக்குத் தாலாட்டு மாதிரி, பிறந்ததிலிருந்து கேட்கிறேன். என் தூக்கத்தைக் கெடுத்தது வேறு.

"திரும்பிப் படுக்கணும்னா எழுந்து உக்காந்து திரும்பும்மா, படுத்தபடியே புரண்டா தொப்புள்கொடி குழந்தை கழுத்துல சுத்திக்கும்" என்று மாமியார் ஆரம்பத்திலேயே சொல்லிவிட்டார். என் அம்மாவும் அதையேதான் சொன்னாள். போனைத் திறந்தால் அது இன்னொரு பக்கம் பயமுறுத்தியது: இடது பக்கம் மட்டும்தான் படுக்கணும், மல்லாந்தால் ஆபத்து. ஆக, ராத்திரிக்குப் பத்து தடவை எழுந்து உட்காருவேன். உட்கார்ந்ததுமே தூக்கம் போய்விடும். அப்புறம் மறுபடி அதே இடது பக்கம். தோள் மரத்துப் போகும். ஒரு நாள் விடியற்காலையில் கண் விழித்தால் மல்லாந்து கிடக்கிறேன். வயிற்றில் கையை வைத்துக்கொண்டு அழுதேவிட்டேன். கொஞ்ச நேரத்தில் உள்ளே இருந்து ஒரு உதை வந்தது, அப்போதுதான் மூச்சே வந்தது.

அடுத்த செக்கப்புக்கு ராயபுரம் ஆர்.எஸ்.ஆர்.எம். பிரசவ ஆஸ்பத்திரிக்குப் போனபோது வெட்கத்தை விட்டு டாக்டரம்மாவிடம் கேட்டேன். குழந்தை பனிக்குடத் தண்ணீரில் தானே சுழன்று விளையாடுவதால்தான் கொடி சுற்றுகிறது, நாம் புரள்வதால் இல்லை என்றார். நாலைந்து குழந்தைகளில் ஒன்று கழுத்தில் கொடி சுற்றித்தான் பிறக்குமாம், பெரும்பாலும் ஒன்றும் ஆவதில்லையாம். மல்லாந்து படுப்பதைப் பற்றிச் சொன்னதில் மட்டும் விஷயம் இருந்தது. 28 வாரத்துக்கு மேல் கர்ப்பப்பையின் கனம் முதுகுப் பக்கம் இருக்கும் பெரிய ரத்தக்குழாயை அமுக்கும், அதனால் தூங்கப் போகும்போது ஒருக்களித்துப் படுக்கணும். இடதோ வலதோ, எது சுகமோ அது. நடுவில் மல்லாந்திருப்பது தெரிந்தால் பதறாமல் திரும்பிப் படுத்தால் போதும்.

அன்று ராத்திரி முட்டிகளுக்கு நடுவே ஒரு தலையணை, வயிற்றுக்கு அடியில் மடித்த பழைய புடவை, முதுகுக்கு ஒன்று. மூணு மணி நேரம் ஒரே தூக்கம். மாமியார் சொன்னதையும் முழுசாகத் தள்ளவில்லை. படுக்கையை விட்டு இறங்கும்போது ஒருக்களித்து, கையை ஊன்றி எழுந்தால் இடுப்பு வலி குறைகிறது.

கடலோரக்காரி, காசிமேடு:

எனக்குப் பயமெல்லாம் இல்லை, கால்தான். எங்க வீட்டுக்காரர் லாஞ்சில் போனால் வர ஒரு வாரம், பத்து நாள் ஆகும். தனியாகப் படுத்திருப்பேன், நடு ராத்திரி கெண்டைக்கால் கல்லு மாதிரி இறுகிக்கொள்ளும். கத்தினாலும் கேட்க ஆளில்லை. பாதத்தை முகத்தைப் பார்த்து மடக்கினால் விடும் என்று நர்ஸம்மா சொன்னார். சரி, வயிறு விட்டால்தானே கை எட்டும்? பக்கத்திலேயே ஒரு துண்டை வைத்துக்கொண்டு, பாதத்தில் மாட்டி என் பக்கமாக இழுப்பேன். படுக்கும் முன் சுவரில் கையை ஊன்றிக் கெண்டைக்காலை நீட்டி விடுவதும் பழக்கமாகிவிட்டது.

ஏப்ரல் 15-லிருந்து 61 நாள் மீன்பிடித் தடைக்காலம் வந்தது, அவர் வீட்டோடு இருந்தார். வலை இழுத்த கை, ஒரு இழுப்பில் பிடிப்பு விட்டுவிடும். ஆனால் குறட்டை. நான் குறை சொன்னால், "நீதான்டி விடுற" என்கிறார். செக்கப்பில் சொன்னேன். கர்ப்பத்தில் மூக்கு உள்ளே வீங்கும், குறட்டை வரும், ஆனாலும் சொல்லிவிடணும் என்று பிரஷரைப் பார்த்தார்கள். நல்லபடியாக இருந்தது. அவரிடம் இன்னும் ஒத்துக்கொள்ளவில்லை.

ராத்திரி ஆந்தை, மண்ணடி:

அத்தோ, அந்த பர்மா நூடுல்ஸ்தான். வேறென்ன சொல்ல! ராத்திரி ஒன்பது மணிக்கு பர்மா பஜார் பக்கம் போய் ஒரு தட்டு தின்றுவிட்டுப் படுத்தால் நெஞ்சில் அடுப்பு எரியும். இப்போது சாயங்காலம் ஆறு மணிக்கே தின்றுவிடுகிறேன், காரம் கம்மியாக. ராத்திரிச் சாப்பாடு படுப்பதற்கு ரெண்டு மூணு மணி நேரம் முன்னால், தலைப்பக்கம் கொஞ்சம் உயரம். தண்ணீரைப் பகலிலேயே நிறையக் குடித்துவிட்டுச் சாயங்காலத்துக்கு மேல் குறைத்ததில் பாத்ரூம் நடையும் அஞ்சிலிருந்து ரெண்டாகிவிட்டது.

ரெண்டு பிள்ளைக்காரி, வியாசர்பாடி:

தங்கச்சிகளா, இதைக் கொஞ்சம் கவனமாகப் படியுங்கள். ரெண்டாவது பிள்ளைக்கு எட்டாம் மாதம், ராத்திரியானால் உள்ளங்கை, உள்ளங்கால் அரிப்பு. தடிப்பு ஒன்றும் கிடையாது. வயிறு விரிந்தால் அரிக்கும் என்றார்கள் வீட்டில், கொசு என்றார்கள், நானும் தேங்காய் எண்ணெயைத் தடவிக்கொண்டு ரெண்டு வாரம் உட்கார்ந்திருந்தேன். தூக்கமே வராததைச் சொல்லத்தான் ஆஸ்பத்திரிக்குப் போனேன், அரிப்பைச் சொல்ல இல்லை. டாக்டர் கையைத் திருப்பிப் பார்த்துவிட்டு உடனே ரத்தப் பரிசோதனைக்கு எழுதினார். கல்லீரல் கோளாறு, பித்த அமிலம் ரத்தத்தில் கூடியிருக்கிறது என்றார்கள். அடிக்கடி பரிசோதனை, மாத்திரை, நாள் நெருங்கும் முன்பே பிரசவம். பிள்ளைக்கு இப்போது நாலு வயது, ஓடுகிறான். ஆனால் இது வயிற்றுப் பிள்ளைக்கே ஆபத்தாகலாம் என்று சொன்னார்கள். இப்படி அரித்தால் அடுத்த செக்கப் வரை காத்திருக்காதீர்கள். கை முகம் வீங்கி, தலைவலி, கண் மங்கல் என்று வந்தாலும் அப்படித்தான், அந்த ராத்திரியே போங்கள்.

இன்னொன்று, முதல் பிள்ளைக்கு எனக்குக் கால் குடைச்சல். படுத்தால் காலை ஆட்டிக்கொண்டே இருக்கணும். இரும்புச்சத்து குறைவு. மாத்திரை தின்றதும் டீ குடிக்கும் ஆள் நான், டீ அந்தச் சத்தை உடம்பில் சேர விடாதாம். டீயைத் தள்ளி வைத்த பிறகு மெல்ல மெல்ல அடங்கியது.

மாடிவீட்டு மருமகள், தண்டையார்பேட்டை:

அக்கா, அரிப்பு விஷயம் எனக்குத் தெரியவே தெரியாது. என் நாத்தனாருக்கு இப்போது ஆறாம் மாதம், உடனே போன் போட்டுச் சொல்லிவிட்டேன். போன வாரம் அவள் எங்கள் வீட்டில்தான் படுத்திருந்தாள். ராத்திரி அவள் புரளப் போக, மாமியார், "எழுந்து உக்காந்து..." என்று ஆரம்பித்தவர் இருட்டில் என் பக்கம் பார்த்தார். அப்புறம், "சரி, தலவாணிய எடுத்து நடுவுல வச்சுக்கோ" என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் படுத்துவிட்டார்.