மணலில் சாய்ந்த வண்டியை ஒத்தையாளாகத் தூக்க முடியுமா? எடை குறைந்த அட்வெஞ்சர் பைக் அனுபவங்கள்: வண்டி ஓட்டுகிறவர்களின் உரையாடல்

பெரிய கண்மாய்க்கரை (ராமநாதபுரம்)

போன புரட்டாசியில் மதுரை நண்பர் ஒருவர் வெளிநாடு போகும்போது தன்னுடைய பெரிய அட்வெஞ்சர் வண்டியை (தார்ரோட்டிலும் மண்தடத்திலும் ஓட்டுகிற வகை) என் வீட்டில் விட்டுவிட்டு, "சாவி இருக்கு, சும்மா நிக்க விடாம ஓட்டிக்கிட்டு இருங்க" என்றார். அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது.

முதல் ஞாயிறே திருப்புல்லாணி தாண்டி சேதுக்கரை வரை போனேன். தார்ச்சாலையில் ராஜா மாதிரி போனது வண்டி. அங்கிருந்து ஊருக்குள் திரும்பாமல், பனங்காட்டுக்குள் டிராக்டர் போன தடத்தில் இறக்கினேன். நூறடி போயிருப்பேன். மணல் தடித்துக்கொண்டே வந்தது, எனக்குப் பயம் வந்தது, ஆக்சிலேட்டரை விட்டேன். முன்சக்கரம் ஒரு பக்கம் மடங்கி, கலப்பை மாதிரி மண்ணுக்குள் இறங்கியது. விழுந்த வேகம் நடக்கிற வேகம்தான். அடி இல்லை. ஆனால் பெட்ரோல் மூடியிலிருந்து சொட்டுச் சொட்டாக மணலில் இறங்க ஆரம்பித்ததும்தான் பதற்றம். பெட்ரோலோடு சேர்த்து இருநூறு கிலோவுக்கு அஞ்சாறு கிலோ குறைச்சல், அவ்வளவுதான். ஹாண்டில்பாரைப் பிடித்துத் தூக்கினால், ஹாண்டில்பார் மேலே வருவதற்குப் பதில் என் கால் கீழே போகிறது. மூன்று தடவை முயற்சி செய்து, இடுப்பைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன்.

பனைமட்டை பொறுக்கிக்கொண்டிருந்த பெரியவரும் அவர் மகளும் வந்துதான் தூக்கினார்கள். தூக்கி நிறுத்திவிட்டு அவர் வண்டியை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தார். "பெருசா இருக்குன்னு வாங்குனீகளா?" என்றார். என்னுடையது இல்லை என்று சொல்ல வாய் வரவில்லை.

அன்றைக்கு முடிவு செய்தேன், எனக்கென்று ஒன்று வாங்கினால் ஒத்தையாளாகத் தூக்க முடிகிற வண்டிதான். உயரம் ஐந்தடி ஐந்தங்குலம், எடை 63 கிலோ, வயது நாற்பதைத் தாண்டியாச்சு. வாரநாளில் ஆபீசுக்கு, ஞாயிற்றுக்கிழமை கண்மாய்க்கரை, உடைமரக்காடு, கடற்கரைக் கிராமத்து மண்தடம். எப்போதாவது மதுரை.

இதுவரை பார்த்து வைத்திருப்பவை: ஹீரோ எக்ஸ்பல்ஸ் 200 4வி, ஏறக்குறைய 160 கிலோ, சீட் உயரம் 825 மில்லிமீட்டர். சுசுகி வி-ஸ்ட்ராம் எஸ்எக்ஸ், 167 கிலோ, முன்சக்கரம் 19 அங்குலம். ராயல் என்ஃபீல்டு ஹிமாலயன் 450 ஓட்டிப் பார்த்தேன், அருமையான இன்ஜின், ஆனால் 196 கிலோ. திரும்பவும் பெரியவரைத் தேடிப் போக முடியாது. கவாசாகி கேஎல்எக்ஸ் 230 வெறும் 139 கிலோ, ஆனால் சீட் 880. அதில் நான் உட்கார்ந்தால் பல்லக்கில் ஏறின மாதிரி இருக்கும், இறங்குவது எப்படி என்று தெரியாது. நம் கரையில் இப்படி வண்டி வைத்து ஓட்டியவர்கள் பட்டதைச் சொல்லுங்கள். யூடியூபில் லடாக்கில் ஓட்டியவர் சொல்வது எனக்கு வேண்டாம்.

கீழக்கரை மச்சான்

காக்கா (எங்க ஊரில் அண்ணனை அப்படித்தான் கூப்பிடுவோம்), சீட் உயரத்துக்கு ரொம்பப் பயப்படாதீங்க. எனக்கும் உங்க உயரம்தான். எக்ஸ்பல்ஸ் மூணு வருஷமா வைத்திருக்கிறேன். ரெண்டு காலும் முழுசா ஊன்றவேண்டும் என்று நினைப்பதே தார்ரோட்டுப் பழக்கம். நிற்கும்போது கொஞ்சம் இடப்பக்கம் நகர்ந்து ஒரு கால் முழுசாக வைத்தால் போதும். ஆனால் எந்த இடத்தில் நிற்கிறோம் என்று பார்த்து நிற்கவேண்டும். வண்டித்தடத்தின் பள்ளத்தில் சக்கரம் இருந்து, மேட்டில் கால் வைத்தால் 825 என்பது 750 ஆகிவிடும். அதையே தலைகீழாகச் செய்தால் காலுக்குத் தரையே கிடைக்காது. நான் ஏர்வாடிப் பக்கம் அப்படித்தான் விழுந்தேன், அதுவும் நின்றுகொண்டிருந்தபோது. கூட வந்த மச்சான் இன்றைக்கும் கல்யாண வீடுகளில் அதை நடித்துக் காட்டுகிறான்.

இன்னொன்று, எக்ஸ்பல்ஸிலேயே 4வி புரோ என்று ஒன்று உண்டு. அதில் சஸ்பென்ஷன் நீளம், சீட் 891. பார்க்க ஆசையாக இருக்கும். நமக்கு வேண்டாம்.

மண்டபம் அக்கா

வேலை நிமித்தம் வாரத்தில் நாலு நாள் கடற்கரைக் கிராமங்களுக்குப் போகிறேன். நான் ஐந்தடி இரண்டு. என்னிடம் இருப்பது அட்வெஞ்சர் பைக்கே இல்லை, பழைய 100 சிசி. சிரிக்காதீர்கள், தங்கச்சிமடத்திலிருந்து தொண்டி வரை அதுதான் என்னைச் சுமக்கிறது. அதனால் ஒரு விஷயம் சொல்ல எனக்கு உரிமை உண்டு என்று நினைக்கிறேன்.

நம் மாவட்டத்தில் கடல் ரெண்டு. தெற்கே மன்னார் வளைகுடாப் பக்கம் மணல். வடக்கே பாக் விரிகுடாப் பக்கம், தேவிபட்டினம், திருப்பாலைக்குடி, காரங்காடு எல்லாம் சேறு. மணலில் மாட்டினால் வண்டியை வெளியே எடுத்துவிடலாம். சேற்றில் மாட்டினால் வண்டியையே விட்டுவிட்டு வரவேண்டும். திருப்பாலைக்குடிக்குப் பக்கத்தில் வெயில் காலத்தில் உப்புப் பூத்த வெளி ஒன்று, வெள்ளையாக, பாளம் பாளமாக வெடித்து, சிமெண்டுத் தரை மாதிரி இருந்தது. குறுக்கே போனால் அரைமணி நேரம் மிச்சம் என்று இறங்கினேன். இருபதடியில் மேல்தட்டு அப்பளம் மாதிரி நொறுங்கியது. கீழே சாம்பல் நிறத்தில் களி, அழுகின முட்டை நாற்றம். பின்சக்கரம் அச்சு வரை போய்விட்டது. என் வண்டி நூறு கிலோ சொச்சம் என்பதால் நண்டு பிடிக்க வந்த ரெண்டு பேர் ஆளுக்கொரு பக்கம் பிடித்து, அலாக்காகத் தூக்கி வைத்தார்கள். 160 கிலோ என்றால் நாலு பேர் வேண்டும். அந்த வெயிலில் நாலு பேருக்கு எங்கே போவது?

அப்போதிலிருந்து எனக்கு ஒரு வழக்கம். உப்புப் பூத்த இடத்தில் இறங்கி, குதிகாலால் ஓங்கி மிதித்துப் பார்ப்பேன். ஈரம் கசிந்தால் திரும்பிவிடுவேன். ஆட்டுத்தடம் இருக்கிறது என்று நம்பக் கூடாது. ஆடு 25 கிலோ.

சாயல்குடி ஒர்க்‌ஷாப்

அண்ணே, வண்டி எது வாங்கினாலும் என்கிட்ட வருவது ரெண்டே காரணத்துக்குத்தான். முள்ளு, உப்பு.

முள்ளைப் பற்றி முதலில். எங்க பக்கம் காட்டுக்குள்ள இருக்கிற தடமெல்லாம் கரிமூட்டம் போடுகிறவர்கள் சீமைக்கருவேலை வெட்டி டிராக்டர் கொண்டுபோன வழி. வெட்டின தூர் சாய்வாக, ஈட்டி மாதிரி நிற்கும், புழுதியில் தெரியாது. முள் டியூபைத்தான் குத்தும், தூர் டயரின் பக்கச் சுவரையே கிழித்துவிடும். எக்ஸ்பல்ஸ் மாதிரி ஸ்போக் (கம்பி) சக்கரம் என்றால் டியூப் உள்ளே இருக்கும். ஆணி, முள் எது ஏறினாலும் சக்கரத்தைக் கழற்றித்தான் ஆகவேண்டும். அதனால் வண்டி வாங்கின அன்றைக்கே முன் சக்கரத்தையும் பின் சக்கரத்தையும் ஒரு தடவை நீங்களே கழற்றி மாட்டுங்கள், என் கடை வாசலில் வேண்டுமானாலும். நடுக்காட்டில் முதல்தடவை கற்றுக்கொள்ளக் கூடாது. முன்னாடி 21 அங்குலம், பின்னாடி 18 அங்குலம், ரெண்டு டியூபும் பையில் இருக்கட்டும். ஒன்றுதான் இடம் என்றால் 21 டியூபை வையுங்கள், அவசரத்துக்கு 18-இலும் மடித்துத் திணித்து ஊர் வந்து சேரலாம். தலைகீழாக முடியாது.

மணலுக்கு டயரில் காற்று குறைப்பார்கள் எல்லாரும். பதினெட்டு பிஎஸ்ஐ வரை சரி. அதற்குக் கீழே போனால் டயர் ரிம்மில் வழுக்கும், டியூபும் கூடவே இழுபடும், வால்வு அடியோடு பிய்யும். அப்புறம் அந்த டியூபை ஒட்டவே முடியாது. தார்ரோடு ஏறினதும் மறக்காமல் திரும்ப அடியுங்கள்.

உப்பு: ஸ்போக் நிப்பிள், செயின், சைடு ஸ்டாண்டு ஸ்பிரிங், வயர் ஜாயிண்ட், இதே வரிசையில் போகும். கடற்கரைக்குப் போய்வந்த அன்றைக்கே நல்ல தண்ணீரில் கழுவவேண்டும். மறுநாள் இல்லை, அன்றைக்கே. எங்க ஊர் உப்பு போர்வெல் தண்ணீரில் கழுவினால் கடலிலிருந்து எடுத்து மறுபடி கடலில் போட்ட கதைதான். காய்ந்ததும் செயினுக்கு எண்ணெய். பளபளப்பாகத் தெரியவேண்டும் என்று டிஸ்க்கில் எண்ணெய் தெளித்துவிட்டு வந்தார் ஒருத்தர். பிரேக் பிடிக்கவில்லை என்று என்னோடு சண்டை.

ராமேஸ்வரம் பழைய டிரைவர்

தம்பிமார்களே, அரிச்சல்முனைக்குத் தார்ச்சாலை வந்தது 2017-இல். அதற்கு முன்னால் தனுஷ்கோடிக்கு மணலிலும் கடல் தண்ணீரிலும் வேன் ஓட்டியவன் நான். அதனால் ரெண்டு வார்த்தை.

மணலில் ஓட்ட பலம் வேண்டாம், நிறுத்தாமல் போகிற மனசு வேண்டும். வேனோ பைக்கோ ஒன்றுதான். ஆக்சிலேட்டரை விட்டால் பாரம் முன்னுக்கு வரும், முன்சக்கரம் புதையும். எழுந்து நின்று, உடம்பைக் கொஞ்சம் பின்னுக்கு வைத்து, சக்கரத்தைப் பார்க்காமல் தூரத்தில் ஒரு பனையைப் பார்த்து ஓட்டுங்கள். வண்டி சும்மா நெளியும், நெளியட்டும். ஹாண்டிலை இறுக்கிப் பிடித்தால் அதோடு நீங்களும் சேர்ந்து நெளிவீர்கள். பின்சக்கரம் புதைந்துவிட்டால் முறுக்கிக்கொண்டே இருக்கக் கூடாது. கிளட்ச் கருகும், குழிதான் ஆழமாகும். இன்ஜினை அணைத்து, வண்டியை மெதுவாக ஒரு பக்கம் படுக்கவைத்து, குழியை மணலால் மூடி, பிறகு நிமிர்த்தினால் சக்கரம் மேலே நிற்கும். இதைத் தனியாகச் செய்யத்தான் எடை குறைந்த வண்டி வேண்டும். ஸ்டாண்டுக்கு அடியில் ஒரு பனைமட்டைத் துண்டு போடுங்கள். இல்லையென்றால் டீ குடித்துவிட்டு வருவதற்குள் படுத்திருக்கும்.

இப்போது சொல்லப்போவதுதான் முக்கியம். கடற்கரை மணலிலேயே இறக்கி ஓட்டாதீர்கள். தை மாதத்திலிருந்து பங்குனி, சித்திரை வரை ஆமை முட்டையிட ஏறும். வனத்துறை ஆட்கள் விடியுமுன் நடந்துபோய் முட்டையைத் தோண்டி எடுத்துப் பொரிப்பகத்தில் வைக்கிறார்கள். நம் சக்கரம் அதற்கு முன்னால் போய்விட்டால் என்ன ஆகும்? அப்புறம் வலை. கரையில் காயப்போட்ட வலையைத் தூரத்திலிருந்து பார்த்தால் மணலும் அதுவும் ஒன்றாகத்தான் தெரியும். ஒரு சமயம் வெளியூர்ப் பையன் ஒருவன் அதன்மேல் ஏற்றிவிட்டான். செயினில் சுற்றிக்கொண்டது. அந்த வலைக்காரர் அவனை அடிக்கவில்லை, திட்டவில்லை. உட்கார்ந்து ஒவ்வொரு கண்ணியாக அறுபடாமல் பிரித்து எடுத்தார், ரெண்டு மணி நேரம். பையன் பக்கத்திலேயே நின்றுகொண்டிருந்தான். அடித்திருந்தால் அவனுக்கு லேசாக இருந்திருக்கும்.

கீழக்கரை மச்சான்

டிரைவர் பெரியவர் சொன்னதோடு ஒன்று. ஐப்பசி, கார்த்திகையில் கண்மாய்க்கரையில் ஓட்டாதீர்கள். மழையில் ஊறின கரையில் சக்கரத்தடம் பதிந்தால் அதுவே வாய்க்காலாகிக் கரை அரிக்கும். ஊர்க்காரர்கள் கோபப்படுவது நியாயம்தான். முதுகுளத்தூர், கமுதிப் பக்கம் கரிசல் என்றால் ஓட்டவும் முடியாது. மட்கார்டுக்கும் டயருக்கும் நடுவில் மண் அடைத்துச் சக்கரம் சுற்றாமல் நின்றுவிடும். உயரத்தில் மட்கார்டு வைத்த வண்டிகளுக்கு அந்தத் தொல்லை கொஞ்சம் குறைவு.

பெரிய கண்மாய்க்கரை (ராமநாதபுரம்)

எல்லாருக்கும் நன்றி. நாலு மாதம் கழித்து வந்து எழுதுகிறேன், மன்னிக்கவும்.

எக்ஸ்பல்ஸ் 200 4வி, ரெண்டு வருடம் ஓடினது, பரமக்குடியில் ஒருவரிடம் வாங்கினேன். வாங்குமுன் ஒரு சோதனை வைத்தேன். அவர் வீட்டுப் பக்கத்து மணல் குவியலில் வண்டியைப் படுக்கவைத்துத் தூக்கிப் பார்க்கட்டுமா என்று கேட்டேன். அவர் என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே! ஆனாலும் சம்மதித்தார். ஹாண்டிலை ஒரு பக்கமாக முழுசாகத் திருப்பி, முதுகை வண்டிக்குக் காட்டிக் குந்தி, காலால் உந்தித் தள்ளினேன். முதல் தடவையிலேயே நிமிர்ந்தது. விலையில் ஆயிரம் ரூபாய்கூடக் குறைக்கத் தோன்றவில்லை எனக்கு, அவ்வளவு சந்தோஷம்.

குறை இல்லாமல் இல்லை. மதுரைக்குப் போனால் எண்பது, எண்பத்தைந்துக்கு மேல் வண்டிக்கும் இஷ்டமில்லை, எனக்கும் இஷ்டமில்லை. லாரியைத் தாண்ட முன்கூட்டியே திட்டம் போடவேண்டும். கச்சான் (தென்மேற்குக் காற்று) அடிக்கிற மாதத்தில் பாம்பன் பாலத்தின்மேல் எடை குறைந்த வண்டி காற்றாடியாகிவிடும். அங்கே மட்டும் பழைய பெரிய வண்டியை நினைத்துக்கொண்டேன். சேதுக்கரைப் பனங்காட்டில் இதுவரை ஐந்து தடவை விழுந்திருக்கிறேன். ஐந்து தடவையும் நானே தூக்கினேன். ஆறாவது தடவை அந்தப் பெரியவர் தூரத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார், அதனால் விழவில்லை.

ஒர்க்‌ஷாப் அண்ணனுக்கு: அன்றன்றைக்கே கழுவுகிறேன். குடிதண்ணீரைத் தள்ளுவண்டியில் காசு கொடுத்து வாங்குகிற தெரு எங்களுடையது. வீட்டில் பைக்குக்கு ரெண்டு குடம் என்று ரேஷன் போட்டிருக்கிறார்கள். ஒரு குடத்தில் துணி நனைத்துத் துடைப்பு, ஒரு குடம் மேலே ஊற்ற. மூன்றாவது குடம் கேட்ட அன்றைக்கு, நான் குளித்தேனா என்று கேள்வி வந்தது.

அடுத்த ஞாயிறு காலை ஐந்தரைக்குத் தேவிபட்டினத்திலிருந்து காரங்காடு வரை உள்வழியாகப் போகலாம் என்றிருக்கிறேன். மண்டபம் அக்கா முன்னால் போய்க் குதிகாலால் மிதித்துப் பார்ப்பதாக ஒத்துக்கொண்டார். டியூப் ரெண்டும் என்னிடம் இருக்கிறது. பம்ப் மட்டும் யாராவது கொண்டுவாருங்கள், என்னுடையது பஞ்சர்.