தவணைப் பரீட்சைப் புள்ளி: நிலை போடவா, பிழை பார்க்கவா?

மீன்பாடும்வாவி:
கல்வி வலயத்துப் பாடசாலைகள் எல்லாம் எழுதும் பொது வினாத்தாளில் தவணைப் பரீட்சை முடிந்ததும் முன்னேற்ற அறிக்கையில் மொத்தப் புள்ளி, சராசரி, எத்தனையாம் பிள்ளை என்ற வகுப்பு நிலை மூன்றும் வீட்டுக்குப் போகின்றன. அதிபர் கூட்டத்தில் பாடசாலைகளின் சித்தி வீதம் ஒன்றின்கீழ் ஒன்றாகத் திரையில் வருகிறது. இந்த இரண்டு வரிசையையும் நிறுத்த வேண்டும் என்கிறேன். மறுக்கிறவர்கள் காரணத்தோடு வாங்க.

கல்முனைக்கணக்கு:
நான் மறுபக்கம், சேர். பிள்ளை தரம் 5 இல் புலமைப்பரிசில், பிறகு சாதாரண தரம், உயர்தரம் என்று போட்டிப் பரீட்சை எழுதத்தான் போகிறது. மருத்துவம், பொறியியல் அனுமதியில் 40 வீதம் அகில இலங்கைத் திறமை, 55 வீதம் மாவட்டக் கோட்டா, 5 வீதம் கல்வியில் பின்தங்கிய மாவட்டங்களுக்கு. மட்டக்களப்பும் அம்பாறையும் அந்தப் பட்டியலில் இருக்கின்றன, சரி. அதற்குள்ளும் போட்டிதானே? வெட்டுப்புள்ளியை, அதாவது அனுமதி கிடைக்கும் கடைசிப் புள்ளியை, நான்கு தசமதானம் வரை எழுதுகிறார்கள். பாடசாலை தானே தாள் தயாரித்துத் தானே 85 போட்டுக் கொடுத்தால், பிள்ளை ஊருக்குள் ராசா. வெளியே போனால்தான் தெரியும். பொதுத் தாளும் நிலையும் அதை முன்கூட்டியே காட்டுகின்றன.

மீன்பாடும்வாவி:
வெட்டுப்புள்ளியை நீங்களே இழுத்தது நல்லதாகப் போயிற்று. உயர்தரத்தில் பச்சைப் புள்ளியை, அதாவது தாளில் எடுத்த புள்ளியை, அப்படியே கூட்டாமல், பாடத்தின் சராசரியையும் பரவலையும் வைத்து மாற்றிய இசட் புள்ளிக்கு ஏன் போனார்கள்? ஒரு பாடத்தின் 70 இன்னொரு பாடத்தின் 70 அல்ல என்பதால். வகுப்பு நிலை போடும்போது நாம் செய்வது அதே பச்சைக் கூட்டல்.

கணக்குப் போட்டுப் பாருங்க. கணிதத்தில் வகுப்புச் சராசரி 48, நியம விலகல், அதாவது புள்ளிகளின் பரவல், 16. சமயத்தில் சராசரி 76, நியம விலகல் 6. ஒரு பிள்ளை சமயம் 88, கணிதம் 40. இன்னொரு பிள்ளை சமயம் 73, கணிதம் 64. கூட்டினால் 128, 137. இரண்டாவது பிள்ளை முன்னுக்கு. சராசரியைக் கழித்து நியம விலகலால் வகுத்தால் வரும் இசட் புள்ளியில் முதற்பிள்ளைக்கு 2 உம் கழித்தல் 0.5 உம் சேர்ந்து 1.5. மற்றதற்குக் கழித்தல் 0.5 உம் 1 உம் சேர்ந்து 0.5. நிலை தலைகீழ். எந்தப் பாடத்தில் புள்ளி அகலமாகப் பரந்திருக்கிறதோ அதுதான் முதலாம் பிள்ளையைத் தீர்மானிக்கிறது. அறிக்கையில் கையொப்பம் வைக்கிற யாரும் அப்படித் தீர்மானித்ததில்லை.

கல்முனைக்கணக்கு:
அதற்கு நிலையை ஒழிக்கத் தேவையில்லை, சரியாகப் போடத்தான் தேவை. எக்செல்லில் சராசரிக்கு ஒரு சூத்திரம், நியம விலகலுக்கு ஒரு சூத்திரம், பத்து நிமிட வேலை. நிலையை எடுத்துவிட்டால் பெற்றார் “எத்தனையாம் புள்ள?” என்று கேட்பதை நிறுத்திவிடுவார்களா? ரியூசன் வகுப்பு தன் தாளில் தன் வரிசையைப் பதாகை அடித்துச் சந்தியில் தொங்கவிடும். அது பரவாயில்லையா?

படுவான்கரை:
இரண்டு பேரும் மொத்தப் புள்ளியிலேயே நிற்கிறீர்கள். தாளில் பெறுமதியானது மொத்தமல்ல, எந்த வினாவில் எந்தப் பிழை என்பது.

40 பிள்ளைகள், 40 பல்தேர்வு வினா என்று வையுங்கள். விடைத்தாளை மொத்தப் புள்ளிப்படி அடுக்குங்க. மேலே 27 வீதம், கீழே 27 வீதம்: 11 தாள், 11 தாள். நடுவில் உள்ள 18 ஐ ஒதுக்கி வையுங்க. ஒவ்வொரு வினாவுக்கும் மேற்குழுவில் சரி எத்தனை, கீழ்க்குழுவில் சரி எத்தனை. கழித்து 11 ஆல் வகுத்தால் பாகுபடுத்தும் சுட்டி: தெரிந்தவரையும் தெரியாதவரையும் அந்த வினா எவ்வளவு பிரித்துக் காட்டுகிறது என்ற அளவு.

தரம் 7 கணிதம், 2/3 + 1/4. விடைகள் (1) 3/7 (2) 11/12 (3) 3/12 (4) 2/12. மேலே 10 பேர் சரி, கீழே 3 பேர். 7/11, கிட்டத்தட்ட 0.64, நல்ல வினா. இனித்தான் விசயம். கீழே பிழைவிட்ட 8 பேரில் 6 பேர் 3/7 க்குக் கோடிட்டிருக்கிறார்கள், 2 பேர் 3/12 க்கு. அந்த 6 பேரும் தொகுதியோடு தொகுதி, பகுதியோடு பகுதி கூட்டியவர்கள். மற்ற 2 பேரும் பொதுப் பகுதி 12 வரை வந்து, தொகுதியை மாற்ற மறந்தவர்கள். இரண்டும் ஒரே நோயல்ல, மருந்தும் ஒன்றல்ல. முதற்குழுவுக்கு 12 கட்டமுள்ள கடதாசிப் பட்டியில் 8 கட்டத்தையும் 3 கட்டத்தையும் நிறந்தீட்டிக் காட்ட வேண்டும். அடுத்த குழுவுக்குச் சமவலுப் பின்னம் இரண்டு பயிற்சி போதும். பின்ன அலகு முழுவதையும் திரும்ப ஓதத் தேவையில்லை.

சுட்டி மறைப் பெறுமானத்தில் வந்தால், அதாவது கெட்டிக்காரப் பிள்ளைகள் பிழைவிட்டு மற்றவர்கள் சரியாகப் போட்டிருந்தால், முதலில் புள்ளித்திட்டத்தை, அதாவது திருத்துவதற்கான விடைப் பட்டியலை, பாருங்க. பெரும்பாலும் விடை இலக்கம் மாறி அடிபட்டிருக்கும், அல்லது இரண்டு விடை சரியாக இருக்கும்.

கல்முனைக்கணக்கு:
அழகான கணக்கு. 22 தாளில் 40 வினா என்றால் 880 அடையாளம் எண்ண வேண்டும். நாலு வகுப்பு எடுக்கிற ஆசிரியருக்கு எப்போது நேரம்? வவுணதீவுப் பக்கத்தில் 14 பிள்ளைகள் உள்ள வகுப்பில் 27 வீதம் 4 பேர். அதில் என்ன சுட்டி?

படுவான்கரை:
14 பேரில் சுட்டி பார்ப்பது வீண்தான், ஒத்துக்கொள்கிறேன். அங்கே குழு பிரிக்காமல் பிழை விடைகளை மட்டும் எண்ணினால் போதும். பெரிய வகுப்பிலும் 40 வினாவும் வேண்டாம், அடிப்படையான பத்தை எடுங்க.

ஆனால் அந்த 14 ஐ நீங்களே மறந்துவிடுகிறீர்கள். ஒரு பிள்ளை சறுக்கினால் அந்தப் பாடசாலையின் சித்தி வீதம் 7 புள்ளி விழும். நகரத்தில் 140 பேர் எழுதும் பாடசாலையில் அதே ஒரு பிள்ளை 0.7. இரண்டையும் ஒரே திரையில் போட்டு ஒரு அதிபரிடம் விளக்கம் கேட்பது என்ன நியாயம்? மாரியில் பாதை வெள்ளத்தில் மூடிவிட்டால், மட்டக்களப்பு வாவியின் மேற்குக் கரையான படுவான்கரையில் பாடவேளையே குறைகிறது. தாளோ கிழக்குக் கரையான எழுவான்கரையின் வேகத்தில் வரும். படிப்பிக்காத அலகின் வினாவைப் பார்த்தால் தெரியும்: நாலு விடையில் கண்ணை மூடிக் கோடிட்டாலும் 40 பேரில் 10 பேர் சரியாக வருவார்கள். அந்தப் பத்தைச் சுற்றியே எண்ணிக்கை நின்றால் அது பிள்ளையின் தோல்வியல்ல.

ஓரக்கோடு:
நடுவில் ஒன்று. சித்தி வீதத்தைக் கேட்டால் பாடசாலை என்ன செய்யும் என்றும் பாருங்க. சாதாரண தரத்தில் 35 எடுத்தால் எஸ், அதாவது சித்தி; 34 என்றால் டபிள்யூ, சித்தியில்லை. 28 க்கும் 34 க்கும் இடையில் நிற்கிற ஆறேழு பேரைப் பொறுக்கியெடுத்துப் பின்னேர வகுப்பு. 12 எடுத்த பிள்ளை 25 க்கு வந்தாலும் வீதம் அசையாது, அதனால் அவனை ஒருவரும் திரும்பிப் பார்ப்பதில்லை. 60 ஐ 74 ஆக்கினாலும் அப்படித்தான்.

கல்முனைக்கணக்கு:
அது உண்மை. பாடசாலை ஒப்பீட்டில் சித்தி வீதத்தை விட்டுவிடலாம். போன தவணையிலிருந்து இந்தத் தவணைக்கு எவ்வளவு ஏறியது என்று பார்ப்போம். பொதுத் தாளை மட்டும் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

மீன்பாடும்வாவி:
இரண்டு தவணையின் தாளும் ஒரே கடினமில்லையே. முதலாந் தவணை 52, இரண்டாந் தவணை 45 என்றால் பிள்ளை விழுந்ததா, தாள் ஏறியதா? இரண்டு தாளிலும் ஏழெட்டுப் பொது வினா இல்லாமல் சொல்ல முடியாது. அப்படிப் போட்டால் அவை வெளியே போகக் கூடாது. காலையில் ஒரு பாடசாலையில் எழுதின தாள் மதியத்துக்குள் வாட்ஸ்அப்பில் அடுத்த ஊருக்குப் போகிற நிலையில் எதைப் பூட்டி வைப்பீர்கள்?

கல்முனைக்கணக்கு:
எல்லா இடத்திலும் ஒரே நாள், ஒரே நேரம். தாளை அயல் பாடசாலையோடு மாற்றித் திருத்தினால் மிச்சப் பிரச்சினையும் தீரும்.

படுவான்கரை:
மாற்றித் திருத்துவதற்கு முன் புள்ளித்திட்டத்தில் படிமுறைப் புள்ளி எழுதியிருக்க வேண்டும். “விடை 11/12, புள்ளி 3” என்று மட்டும் வந்தால், 8/12 + 3/12 வரை சரியாக வந்து கடைசியில் 10/12 என்று எழுதினவனுக்கு ஒருவர் 2 போடுவார், மற்றவர் 0 போடுவார். திருத்த முன்னம் ஐந்து தாளை இரண்டு பேர் தனித்தனியே திருத்திப் பார்க்கட்டும். ஒரே தாளில் 3 புள்ளிக்கு மேல் வித்தியாசம் வந்தால் மற்ற விடைத்தாள் கட்டை அவிழ்க்காமல் முதலில் திட்டத்தைத் திருத்துங்க. அதைச் செய்ய உங்கள் பக்கம் ஆள் இருக்கா?