முக்தார் நீட்டிய கடிதம்

பழையஏடு:
கர்பலாவில் கொல்லப்பட்ட நபியின் பேரர் ஹுசைனுக்குப் பழிவாங்கக் கிளம்பிய முக்தார் அத்தகஃபியை மாவீரன் என்று ஒருத்தர் இங்கே எழுதியதைப் படித்துவிட்டுச் சும்மா போக முடியவில்லை. 685இல் அந்த ஆள் இராக்கின் கூஃபா நகரைப் பிடித்ததே ஒரு போலிக் கடிதத்தின் தயவில்தான். முக்தாருக்குத் துணை நிற்கச் சொல்லி, நாலாம் கலீஃபா அலீயின் மகன் முஹம்மது இப்னு ஹனஃபிய்யா எழுதினார் என்று கூஃபாவின் படைத்தலைவர் இப்ராஹீம் இப்னு அஷ்தரிடம் அதை நீட்டினார்கள். மஹ்தி, அதாவது நேர்வழி பெற்றவர், முஹம்மது எழுதுவது என்று தொடக்கம். இப்ராஹீமே கேட்டார்: முன்பெல்லாம் தன் பெயரும் தகப்பன் பெயரும்தானே போடுவார், இது என்ன புதுசாக?

ஃபுராத்:
கேட்டார், அப்புறம் முக்தாருக்குப் பைஅத்தும், அதாவது விசுவாச உறுதிமொழியும், கொடுத்தார். அதை மட்டும் ஏன் பாய் விழுங்கிவிடுகிறீர்கள்? கூட வந்தவர்கள் சாட்சி சொன்னார்கள். மறுவருஷம் காஸிர் ஆற்றங்கரையில், ஹுசைன்மேல் படையை ஏவிய உமையா ஆளுநர் உபைதுல்லாஹ் இப்னு ஸியாதின் கதையை முடித்ததும் இதே இப்ராஹீம்தான். கர்பலாவுக்குப் படை நடத்திப் போன உமர் இப்னு ஸஅத், ஷிம்ர், இவர்களை எல்லாம் முக்தார் விட்டுவைத்தாரா?

பழையஏடு:
நான் கடிதத்தைக் கேட்டால் ஆற்றங்கரைக்கு ஓடுகிறீர்கள். சாட்சியாம்! அங்கிருந்த கூஃபா அறிஞர் ஷஅபியும் அவர் தந்தையும் வாயே திறக்கவில்லை. இப்ராஹீம் சாட்சிகளின் பெயரை எழுதி வாங்கி வைத்துக்கொண்டார். நம்பிய மனுஷன் எதற்கு எழுதி வாங்குகிறார்?

கடைத்தெரு:
அரபு அல்லாத மவாலிகளுக்கும் அவர் பங்கு கொடுத்ததுதான் கூஃபா பிரமுகர்களுக்கு வயிற்றெரிச்சல். அதைப் பேசுங்களேன்.

பழையஏடு:
அதற்குத் தனி இழை தொடங்குங்கள். இங்கே கடிதம்.

ஃபுராத்:
போலி என்றால் இப்னு ஹனஃபிய்யா மறுத்திருக்கலாமே? கூஃபாவிலிருந்து ஆள் போய் முக்தாரைப் பற்றிக் கேட்டபோது, அல்லாஹ் தான் நாடியவரைக் கொண்டு பழிவாங்கட்டும் என்ற மாதிரிதான் சொன்னார். பிறகு மக்காவில் தன்னைக் கலீஃபா என்று அறிவித்திருந்த இப்னு ஸுபைர் அவரை ஸம்ஸம் கிணற்றுப் பக்கம் அடைத்து வைத்தபோது மீட்க ஆள் அனுப்பியது யார்? நீங்கள் போலி என்கிற முக்தார்தான்!

பழையஏடு:
அது மழுப்பல். "ஆமாம், நான்தான் எழுதினேன்" என்றாரா, இல்லையே. அந்த நாற்காலியையும் அவிழ்க்கட்டுமா? அலீயின் நாற்காலி என்று ஒன்றைப் பட்டால் மூடி, கோவேறு கழுதைமேல் ஏற்றிப் படையோடு அனுப்பியவர்களை என்ன சொல்வது?

கடைத்தெரு:
நாற்காலிக் கதை எதிரிகள் கட்டிவிட்டதாக இருக்கலாம் நானா.

பழையஏடு:
கூஃபாக் கவிஞர் அஃஷா ஹம்தான் அந்தக் காலத்திலேயே கவிதை பாடிக் கேலி செய்திருக்கிறார். கொஞ்சம் படித்துவிட்டு வாருங்கள்.

ஃபுராத்:
ஆமாம், தோற்றுப்போனவன் சரித்திரத்தை ஜெயித்தவன் வாயால்தானே கேட்கிறோம். 687இல் இப்னு ஸுபைரின் தம்பி முஸ்அபின் படை கூஃபாக் கோட்டையைச் சுற்றி வளைத்து, முக்தார் விழுந்த பிறகு சரணடைந்தவர்களை ஆயிரக்கணக்கில் வெட்டியது. கணவனைப் பொய்யன் என்று சொல்ல மறுத்த முக்தாரின் மனைவி அம்ரா பின்த் நுஃமானையும் கொன்றார்கள். ஒரு பெண்ணை! அது உங்களுக்கு உறுத்தவில்லை, கையெழுத்துதான் உறுத்துகிறது.

பழையஏடு:
அம்ரா விஷயம் கொடுமைதான், யார் இல்லை என்றது? கடிதம் யார் எழுதியது என்று இன்னும் சொல்லவில்லை. உமையா ஆளுநர் ஹஜ்ஜாஜைப் பற்றிய இழையிலும் இப்படித்தான் அழுது ஊரைக் கூட்டினீர்கள்.

ஃபுராத்:
அந்த இழையில் பதில் சொல்ல முடியாமல் நிர்வாகியிடம் புகார் கொடுத்தது யார் என்று எல்லோருக்கும் தெரியும்.

பழையஏடு:
புகார் கொடுத்தது நான் இல்லை. திரைப்பிடி இருந்தால் போடுங்கள், பார்க்கலாம்.