ஒரே டேட்டா, நாலு பதில்: கான்ஃபிடன்ஸ் இன்டர்வெல் ரிஜெக்ட்னு சொல்லுது, டி டெஸ்ட் இல்லைங்குது

கடைசிபெஞ்ச்_கணக்கு:
எல்லாருக்கும் வணக்கம், அவசரமா ஒரு ஹெல்ப் வேணும், வெள்ளிக்கிழமை வைவா. பி.பி.ஏ ரெண்டாம் வருஷம், ஸ்டாட்டிஸ்டிக்ஸ் மினி ப்ராஜெக்ட். லோக்கல் மில்லுல பேக் பண்ணி வர்ற 500 கிராம் ரவா பாக்கெட்ல நிஜமாவே 500 இருக்கான்னு பாக்குறதுதான் ஐடியா, 10 பாக்கெட் வாங்கி எடை போட்டேன் (வீட்ல தினமும் உப்புமா தான், அதைப் பத்தி கேக்காதீங்க).

டேட்டா: 498, 501, 495, 499, 497, 503, 493, 500, 496, 499.

சராசரி 498.1 வருது, ஸ்டாண்டர்ட் டீவியேஷன் (எடை எல்லாம் சராசரில இருந்து எவ்வளவு சிதறியிருக்குங்கிற அளவு) 2.96. சார் குடுத்த ஷீட்ல நல் ஹைப்பாதிசிஸ் (ரிஜெக்ட் பண்ண முடியுதான்னு டெஸ்ட் பண்ற அனுமானம்) "சராசரி 500", ஆல்டர்னேட்டிவ் "சராசரி 500 இல்லை", ஆல்ஃபா (பி வேல்யூ இதுக்கு கீழ போனா ரிஜெக்ட்ங்கிற எல்லை) 0.05. இதுவரைக்கும் ஓகே. இதுக்கப்புறம் தான் தலை சுத்துது.

எக்ஸெல்ல கான்ஃபிடன்ஸ் இன்டர்வெல் (உண்மையான சராசரிக்கு சாம்பிளை வச்சு போடுற மதிப்பீட்டு எல்லை) போட்டா 496.26ல இருந்து 499.94 வருது, 500 வெளிய நிக்குது, அப்போ ரிஜெக்ட் தானே? ஆனா டி டெஸ்ட் போட்டா பி வேல்யூ (சராசரி நிஜமா 500னா இவ்வளவு இல்ல இதைவிட பெரிய வித்தியாசம் தற்செயலா வர்ற வாய்ப்பு) 0.073, ரிஜெக்ட் பண்ண முடியாது. ஒன் டெயில் (கம்மியா இருக்காங்கிற ஒரு பக்கம் மட்டும் பாக்குறது) போட்டா 0.0365, மறுபடி ரிஜெக்ட். என் ஃப்ரெண்ட் இதே டேட்டாவுக்கு 0.0575ன்னு ஒண்ணு கொண்டு வர்றான். 95 சதவீத இன்டர்வெல்லும் 5 சதவீத டெஸ்ட்டும் ஒரே பதில் தான் சொல்லும்னு க்ளாஸ்ல நடத்துனாங்களே, அப்புறம் ஏன் இப்படி? எது சரி?

கோவைக்_குசும்பன்:
முதல்ல முக்கியமான கேள்வி, கவரோட சேத்து எடை போட்டீங்களா தம்பி? ரெண்டாவது, டீவியேஷனுக்கு எக்ஸெல்ல எந்த ஃபங்ஷன், கடைசில எஸ் (சாம்பிளுக்கு) வர்றதா பி (மொத்தத்துக்கும்) வர்றதா? மூணாவது, இன்டர்வெல்லுக்கு எது போட்டீங்க? இது மூணும் சொல்லாம யாரும் பதில் சொல்ல முடியாது.

கடைசிபெஞ்ச்_கணக்கு:
கவரை காலி பண்ணி தனியா எடை போட்டு கழிச்சிட்டேன் ப்ரோ. டீவியேஷன் எஸ் வர்றது தான். இன்டர்வெல்லுக்கு கான்ஃபிடன்ஸ் டாட் நார்ம், அதுல 0.05, 2.96, 10 குடுத்தேன், 1.835 வந்துது, அதை சராசரில கூட்டி கழிச்சேன்.

லேப்_அக்கா:
அங்க தான் மாட்டிக்கிட்டிருக்கீங்க. கான்ஃபிடன்ஸ் டாட் நார்ம்னா அது நார்மல் டேபிளை வச்சு, அதாவது 1.96ஐ வச்சு கணக்கு போடும். நீங்க குடுக்குற 2.96ஐ மொத்த உற்பத்தியோட உண்மையான டீவியேஷன்னே அது நம்பிக்கும், பத்து பாக்கெட்ல இருந்து நீங்களா கணிச்ச நம்பர்னு அதுக்கு தெரியாது. உங்க டெஸ்ட் மட்டும் டி டேபிள்ல ஓடுது. ரெண்டும் வேற வேற டேபிள், அதனால தான் சண்டை. க்ளாஸ்ல சொன்னது தப்பே இல்ல, இன்டர்வெல்லும் டெஸ்ட்டும் ஒரே ஸ்டாண்டர்ட் எரர் (சாம்பிளுக்கு சாம்பிள் சராசரி எவ்வளவு ஆடும்ங்கிற அளவு), ஒரே டேபிள், ரெண்டு பக்கமும்னு இருந்தா கண்டிப்பா ஒத்துப் போகும், அது கணக்குப்படியே அப்படித்தான் வரும்.

இப்போ சரியா போடுவோம். ஸ்டாண்டர்ட் எரர் = 2.96ஐ ரூட் 10ஆல வகுத்தா 0.936. டிகிரீஸ் ஆஃப் ஃப்ரீடம் (இங்க சாம்பிள் எண்ணிக்கைல ஒண்ணு கம்மி) 9, டி டேபிள்ல 2.262. பெருக்குனா 2.118. இன்டர்வெல் 495.98ல இருந்து 500.22. இப்போ 500 உள்ள வந்துடுச்சா? பி வேல்யூ 0.073, 0.05க்கு மேல. ரெண்டும் ஒரே பதில். எக்ஸெல்ல இதுக்கு கான்ஃபிடன்ஸ் டாட் டின்னு தனி ஃபங்ஷன் இருக்கு, அதே மூணு நம்பரை குடுங்க, நேரா 2.118 வரும். டேட்டா அனாலிசிஸ் டூல்பேக்ல டிஸ்க்ரிப்டிவ் ஸ்டாட்டிஸ்டிக்ஸ் ஓட்டுனா கடைசி வரில "கான்ஃபிடன்ஸ் லெவல்"னு ஒண்ணு காட்டும் பாருங்க, அதுவும் டி தான், ஆனா அது இன்டர்வெல் இல்ல, இன்டர்வெல்லோட பாதி அகலம். அதையே இன்டர்வெல்னு ரிப்போர்ட்ல எழுதிட்டு வர்றவங்க வருஷா வருஷம் நாலு பேராவது இருக்காங்க.

பத்து பாக்கெட்டுக்கு 1.96 போட்டா எவ்வளவு கெட்டுப் போகும்னு கேட்டீங்கன்னா, 95 சதவீதம்னு பேர் போட்ட இன்டர்வெல் நிஜத்துல 92 சதவீதத்துக்கும் ஒரு சொட்டு கம்மியா தான் உண்மையான சராசரியை பிடிக்கும். கேக்க சின்ன வித்தியாசம், ஆனா உங்க கேஸ் மாதிரி பார்டர்ல நிக்குற டேட்டாவுக்கு அதுவே பதிலை மாத்திடுது.

தராசுமுள்:
இந்த சின்ன சாம்பிள் பிரச்சனைக்கு தான் டி டேபிளே வந்துது. டப்ளின்ல கின்னஸ் பீர் கம்பெனில வேலை பாத்த காசெட்ங்கிறவர் 1908ல எழுதுனது, கம்பெனி சொந்தப் பேர்ல போட விடாததால "ஸ்டூடன்ட்"னு புனைபேர்ல போட்டார், அதான் இன்னைக்கும் ஸ்டூடன்ட்ஸ் டி. அவங்க கையிலயும் நாலஞ்சு, பத்து சாம்பிள் தான் இருக்கும், பார்லி வயல்ல ஆயிரக்கணக்குல எங்க எடுக்குறது. வைவால சும்மா ஒரு வரி சொல்லுங்க, சார் சந்தோஷப்படுவார்.

சிங்காரச்சென்னை_88:
இவ்ளோ எதுக்கு பாஸ், ஒன் டெயில் போட்டுட்டு 0.0365னு எழுதிட்டு போங்க, ரிஜெக்ட்னு வந்தா தான் ப்ராஜெக்ட் பாக்க நல்லா இருக்கும், மில்லுகாரன் ஏமாத்துறான்னு கன்க்ளூஷன் எழுதலாம், மார்க்கும் வரும்.

புள்ளிராஜா:
சிங்காரம், இந்த அட்வைஸை யாரும் எடுத்துக்க வேணாம். ஒன் டெயில் தப்புன்னு சொல்லல. எடை போடுறதுக்கு முன்னாடியே "கம்மியா இருக்கான்னு மட்டும் தான் பாக்கப் போறேன், அதிகமா இருந்தா எனக்கு கவலை இல்ல"ன்னு எழுதி வச்சிருந்தா ஒன் டெயில் ரொம்ப நியாயம், நுகர்வோர் பக்கம் நின்னு பாத்தா அது தான் இயல்பான கேள்வி கூட. ஆனா இவர் ஷீட்ல ஆல்டர்னேட்டிவ் "500 இல்லை"ன்னு இருக்கு. சராசரி 498ன்னு பாத்தப்புறம் கீழ்ப்பக்கம் திரும்புறது, மேல போயிருந்தா மேல்பக்கம் திரும்பியிருப்பார் தானே, அப்போ ரெண்டு பக்கமும் 5 சதவீதம் சேர்ந்து உண்மையான தப்பு வாய்ப்பு 10 சதவீதம் ஆயிடும். அம்பு விட்டுட்டு அது குத்துன இடத்துல வட்டம் போடுற கதை. சார் கேட்டாருன்னா மாட்டிப்பீங்க.

இன்னொண்ணு, 0.05ங்கிறது வானத்துல இருந்து விழுந்த எண் இல்ல. 1925ல ஃபிஷர்ங்கிற ஸ்டாட்டிஸ்டிக்ஸ் அறிஞர் வசதியா இருக்கும்னு சொல்லி வச்ச எல்லை அது. 0.073 வந்தா ப்ராஜெக்ட் தோத்துப் போச்சுன்னு யாரு சொன்னா?

கடைசிபெஞ்ச்_கணக்கு:
அக்கா ரொம்ப தேங்க்ஸ், கான்ஃபிடன்ஸ் டாட் டி போட்டேன், 2.118 கரெக்டா வந்துது. ஆனா ஃப்ரெண்டோட 0.0575 இன்னும் புரியல, அவன் எக்ஸெல்ல டி டாட் டெஸ்ட் ஃபங்ஷன் தான் போட்டேன்ங்கிறான், டூ டெயில் தான் குடுத்தானாம்.

லேப்_அக்கா:
ஹா ஹா, இதை நான் எதிர்பாத்தேன். எக்ஸெல்ல ஒன் சாம்பிள் டி டெஸ்ட்டுக்குன்னு நேரடி ஃபங்ஷன் கிடையாது. அதனால நிறைய பேர் பக்கத்து காலம்ல பத்து தடவை 500, 500னு அடிச்சு ரெண்டு காலத்தையும் டி டாட் டெஸ்ட்டுக்கு குடுப்பாங்க. அதுல கடைசியா டைப் 1, 2, 3ன்னு கேக்கும். 1 பேர்டு (ஜோடி ஜோடியா), 2 ஈக்வல் வேரியன்ஸ் (ரெண்டு காலத்துலயும் ஒரே அளவு சிதறல்), 3 அன்ஈக்வல். உங்க ஃப்ரெண்ட் 2 போட்டிருப்பான்.

2 போட்டா என்ன ஆகும்னா, அந்த 500 காலத்தையும் அது நிஜ சாம்பிள்னு நினைச்சு டிகிரீஸ் ஆஃப் ஃப்ரீடம் 9க்கு பதிலா 18னு எடுத்துக்கும். டி மதிப்பு மாறாது, அதே மைனஸ் 2.03 தான், ஆனா 18க்கு டேபிள் சுலபமா விட்டுக் குடுக்கும், பி 0.0575க்கு இறங்கிடும். டைப் 1 போடச் சொல்லுங்க, 0.073 வந்துடும். (டைப் 3 போட்டாலும் 0.073 தான் வரும், அந்த காலத்துல வேரியன்ஸ் பூஜ்யம்ங்கிறதால. அதுக்காக அதைப் போடாதீங்க.)

கடைசிபெஞ்ச்_கணக்கு:
இப்பவே அவனுக்கு போன் போட்டேன், டைப் 2 தான் போட்டிருக்கான் 😂 அவன் ரிப்போர்ட் ஏற்கனவே ஸ்பைரல் பைண்டிங் போட்டாச்சு.

சரி, இப்போ எழுத்து விஷயம். கன்க்ளூஷன்ல "சராசரி 500 என்பது நிரூபிக்கப்பட்டது"ன்னு எழுதலாமா? அப்புறம் "உண்மையான சராசரி 495.98க்கும் 500.22க்கும் நடுவுல இருக்க 95 சதவீத வாய்ப்பு"ன்னு எழுதியிருக்கேன், சீனியர் ஒருத்தர் இது தப்பு, வைவால அடிவாங்குவன்னு பயமுறுத்துறார்.

புள்ளிராஜா:
முதல் வாக்கியத்தை அடிச்சிருங்க. உங்க இன்டர்வெல்லயே பதில் இருக்கே, 500 உள்ள இருக்கு, ஆனா 497ம் உள்ள இருக்கு, 496.5ம் உள்ள இருக்கு. நல் ஹைப்பாதிசிஸை "497"ன்னு வச்சு டெஸ்ட் போட்டிருந்தாலும் ரிஜெக்ட் ஆகியிருக்காது. அப்போ 497ம் நிரூபணம் ஆயிடுச்சா? ரிஜெக்ட் பண்ண போதுமான ஆதாரம் இந்த பத்து பாக்கெட்ல இல்லை, அவ்வளவுதான் சொல்ல முடியும். இதனால தான் பி வேல்யூவை விட இன்டர்வெல்லை எழுதுறது எனக்குப் பிடிக்கும், 0.073ங்கிற ஒத்தை நம்பர் எதையும் காட்டாது, இன்டர்வெல் "நாலு கிராம் வரைக்கும் கம்மியா இருக்கலாம், சரியாவும் இருக்கலாம்"னு முகத்துக்கு நேரா சொல்லிடுது.

ரெண்டாவதுக்கு உங்க சீனியர் சொல்றது சரி, ஆனா பயப்படுற அளவுக்கு ஒண்ணும் இல்ல. 1930கள்ல நேமன்ங்கிற ஸ்டாட்டிஸ்டிக்ஸ் அறிஞர் இந்த இன்டர்வெல்லை உருவாக்குனப்போ வச்ச அர்த்தம் வேற. உண்மையான சராசரி நகராது, அது எங்கயோ ஒரு இடத்துல நிக்குது. நகர்றது இன்டர்வெல் தான், வேற பத்து பாக்கெட் எடுத்தா வேற இன்டர்வெல் வரும். இதே முறையில திரும்பத் திரும்ப சாம்பிள் எடுத்து இன்டர்வெல் போட்டுக்கிட்டே போனா, நீண்ட ஓட்டத்துல 100க்கு 95 இன்டர்வெல் உண்மையான சராசரியை பிடிச்சிருக்கும். 95ங்கிறது அந்த முறைக்கு குடுக்குற மார்க், உங்க கையில இருக்குற இந்த ஒரு இன்டர்வெல்லுக்கு இல்ல, இது பிடிச்சிருக்கு இல்ல பிடிக்கல, ரெண்டுல ஒண்ணு. வைவால "95 சதவீத நம்பிக்கையோட சொல்றேன்"னு சொல்லிட்டு, நம்பிக்கைன்னா என்னன்னு கேட்டா மேல சொன்னதை சொல்லுங்க.

தராசுமுள்:
எல்லாரும் டேபிள்லயே நிக்கிறீங்க, நான் பாக்கெட் பக்கம் வர்றேன். பத்தும் ஒரே கடையில ஒரே நாள்ல ஒரே மூட்டைல இருந்து எடுத்ததா? ஆமான்னா அது பெரிய ஓட்டை. மில்லு மெஷின் அன்னைக்கு காலைல ரெண்டு கிராம் கம்மியா செட் ஆகியிருந்தா பத்தும் ஒண்ணா கம்மியா தான் வரும், ஒண்ணுக்கொண்ணு சம்பந்தம் இல்லாத பத்து சாம்பிள்னு சொல்லவே முடியாது. 1.96ஆ 2.262ஆங்கிற சண்டையை விட இது பல மடங்கு பெருசு, ஆனா இதை எந்த எக்ஸெல்லும் சொல்லாது.

அப்புறம், "ஏமாத்துறான்"ங்கிற வார்த்தையை தொடவே தொடாதீங்க. 2011 பாக்கெட் பொருள் விதிகள்ல 500 கிராம் அளவுக்கு ஒரு தனி பாக்கெட்ல 15 கிராம் வரைக்கும் பிழை அனுமதி இருக்கு. உங்க பத்துல ரொம்ப கம்மி 493, ஏழு கிராம் தான் குறைவு. தனி பாக்கெட் எல்லைங்கிறது ஒரு கேள்வி, சராசரி 500 இருக்காங்கிறது வேற கேள்வி, ரெண்டையும் கலக்காதீங்க.

கடைசிபெஞ்ச்_கணக்கு:
ஒரே கடை தான், ஒரே நாள் தான் 😐 பேக்கிங் தேதியும் பத்துலயும் ஒண்ணே தான், இப்போ தான் எடுத்துப் பாத்தேன். இன்னும் கொஞ்சம் பாக்கெட் வாங்கி சேத்துட்டா 0.05க்கு கீழ வருமா? எத்தனை வாங்கணும்?

லேப்_அக்கா:
"சேத்துட்டா கீழ வருமா"ங்கிற கேள்வியே ஆபத்து. அஞ்சு வாங்கி பி பாக்குறது, வரலைன்னா இன்னும் அஞ்சு, வந்ததும் நிறுத்துறதுன்னு போனா, மில்லு சரியா 500 போட்டாலும் என்னைக்காவது ஒரு நாள் 0.05க்கு கீழ வந்தே தீரும். எத்தனைன்னு முன்னாடியே முடிவு பண்ணிட்டு, அந்த எண்ணிக்கை முடிஞ்சப்புறம் ஒரே ஒரு தடவை டெஸ்ட் போடணும்.

எண்ணிக்கைக்கு நீங்க கேக்க வேண்டியது, எவ்வளவு குறைஞ்சா எனக்கு முக்கியம்? டீவியேஷன் 3க்கு பக்கத்துல தான் இருக்குன்னு வச்சுக்கிட்டா, 2 கிராம் குறைவை 80 சதவீத பவரோட (குறைவு நிஜமா இருந்தா டெஸ்ட் அதைப் பிடிக்கிற வாய்ப்பு) பிடிக்க கிட்டத்தட்ட 20 பாக்கெட் போதும். 1 கிராம் குறைவை பிடிக்கணும்னா 70ஐ தாண்டிடும், வித்தியாசம் பாதியானா எண்ணிக்கை நாலு மடங்காகும், அதனால தான். இப்போ உள்ள பத்தை பைலட்னு (முன்னோட்டம்) தனியா எழுதிட்டு, புதுசா 20 எடுங்க, வேற வேற கடை, வேற வேற பேக்கிங் தேதி. அப்பவும் 500 உள்ள வந்தா வந்துட்டுப் போகட்டும், அப்படியே எழுதுங்க.

கடைசிபெஞ்ச்_கணக்கு:
வெள்ளிக்கிழமைக்குள்ள 20 புது பாக்கெட்டுக்கு வழியில்ல அக்கா, காசும் இல்ல. இந்த பத்தையே வச்சு "நல் ஹைப்பாதிசிஸை ரிஜெக்ட் பண்ண ஆதாரம் போதல, 95 சதவீத இன்டர்வெல் 495.98ல இருந்து 500.22, டி டேபிள், டிகிரீஸ் ஆஃப் ஃப்ரீடம் 9, ஒரே தேதி பாக்கெட்ங்கிறதால மத்த பேட்ச்சுக்கு இது பொருந்தும்னு சொல்ல முடியாது"ன்னு எழுதிட்டு, அடுத்த கட்டம்னு அந்த 20 பாக்கெட் ப்ளானை போட்டா போதுமா?

லேப்_அக்கா:
தாராளமா போதும். பி வேல்யூவை 0.073ன்னு முழுசா எழுதுங்க, "0.05க்கு மேல"ன்னு மட்டும் விட்டுடாதீங்க. கச்சா டேட்டா பத்தையும் பின்னிணைப்புல போடுங்க, கவர் எடையையும் சேத்து.

கோவைக்_குசும்பன்:
அந்த ஃப்ரெண்டுக்கும் சொல்லுங்கப்பா, ஸ்பைரல் பைண்டிங்கை பிரிச்சு ஒரு பக்கம் மாத்த ஜெராக்ஸ் கடையில பெருசா ஒண்ணும் கேக்க மாட்டாங்க.