பானை ஓடுகளில் உப்பு பூக்கிறது, பூச்சு உரிகிறது: எதை முதலில் செய்வது?

வணக்கம். கோடைக்கால அகழாய்வுப் பயிற்சி முகாமில் மாணவராக இருக்கிறேன். கழுவி உலர்த்திய பானை ஓடுகளில் வெள்ளை உப்பு பூத்துக்கொண்டே இருக்கிறது. அதோடு சிவப்புப் பூச்சும் உரிகிறது.

இடம் கடலோர மேடு. ஏறத்தாழ 1.2 மீட்டர் ஆழத்தில், மணற்பாங்கான அடுக்கில் கிடைத்தவை. குழியிலிருந்து எடுக்கும்போது உறுதியாகவே இருந்தன. கழுவி நிழலில் காயவைத்த சில நாட்களில் மெல்லிய படிகங்கள் தெரிந்தன. உருப்பெருக்கியில் பார்த்தால், அவை பூச்சுக்கு அடியிலிருந்து கிளம்பி அதை வெங்காயத் தோல்போலத் தூக்கி நிற்கின்றன. குயவரின் விரல் தடம் பதிந்த ஒரு விளிம்புத் துண்டின் நிலைதான் மிக மோசம். அதை இழக்க மனம் வரவில்லை.

மென்தூரிகையால் துடைத்தோம், காற்றின் ஈரப்பதம் மாறியதும் திரும்ப வந்தது. நீர்த்த அமிலத்தை ஒரு துளி விட்டுப் பார்த்தோம்; நுரைக்கவில்லை. ஆகவே சுண்ணாம்புப் படிவு அல்ல, நீரில் கரையும் உப்பு என்றே கருதுகிறோம். பூச்சில்லாத ஓடுகளைக் காய்ச்சி வடித்த நீரில் ஊறவைத்து, நீரை மாற்றி மாற்றி, கரைந்த உப்பின் அளவைக் காட்டும் மின்கடத்துதிறனை அளந்தோம். அளவு இறங்கி வருகிறது, அவை தேறிவிடும். பூச்சுள்ளவற்றை ஊறவைத்தாலோ செதில்கள் கழன்று பாத்திரத்தின் அடியில் தங்குகின்றன.

அசிட்டோனில் கரைத்த பாரலாய்டு பி-72 (உதிரும் பரப்பை இறுக்கப் பயன்படும் அக்ரிலிக் பிசின்) கையில் இருக்கிறது. தொல்பொருள் பாதுகாப்பு வல்லுநர் யாரும் இங்கில்லை. முகாம் முடிய இரண்டு வாரமே உள்ளது.

நீர்த்த பாரலாய்டால் முதலில் பூச்சை இறுக்கிவிட்டுப் பிறகு உப்பை நீக்கலாமா, அல்லது அது உப்பை உள்ளேயே அடைத்துவிடுமா?